முகட்டில் வைத்த பீங்கான்

அப்பா இறந்ததும் வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தோம். கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி அண்ணனுக்கு. கூரையின் முகடு மட்டும் பொது. கரும்பு வெட்டு முடிந்ததும் அவரவர் பக்கம் தோகை வேய்ந்துகொண்டு, முகட்டை மட்டும் ஒரே நாளில் சேர்ந்து கட்டுவோம். இரண்டு பக்கத் தோகையும் ஒன்றின்மேல் ஒன்று மடங்கினால்தான் உச்சியில் தண்ணீர் இறங்காது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வரப்புத் தகராறில் எங்களுக்குள் பேச்சு நின்றது. இவன் இல்லாமல் முகடு நிற்காதா என்று எனக்கு வீம்பு. விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில், சூளையில் வெடித்து இரண்டாகப் பிளந்த பீங்கான் பைப்புகளைக் கழித்துப் போடுவார்கள். அவற்றைச் சைக்கிளில் கட்டி வந்து முகடு நெடுகக் கவிழ்த்தேன். அண்ணன் பக்கமாக ஒரு சாண் தள்ளியே வைத்தேன். தெரிந்தேதான் வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு சொட்டுகூட என் பக்கம் வரவில்லை. பீங்கானில் வழுக்கிய தண்ணீரெல்லாம் அவன் அந்த வருஷம் மாற்றாமல் விட்ட மக்கிய தோகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கி, விதைக்கு வைத்திருந்த மல்லாட்டைக் கடலை மூட்டையை நனைத்தது. விடிந்ததும் அண்ணன் கூரை மேல் ஏறினான். ஒவ்வொரு பைப்பாகப் பிடுங்கி என் வாசலில் எறிந்தான். என் கதவில் ஒன்று பட்டுச் சிதறியது.

"வெதைக்கு இனிமே நான் எங்கடா போவேன்?" என்றான்.

"எறங்குடா கீழ." அண்ணனை 'டா' போட்டுப் பேசியது அன்றுதான்.

அவன் இறங்கவில்லை. ஏணியில் ஏறிக் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அவன் விழ வேண்டும் என்றுதான் இழுத்தேன். அவனே எறிந்த சில்லுகளின் மேல் விழுந்தான். தொடை கிழிந்து ரத்தம் கொட்டியது. அண்ணி வெளியே ஓடி வந்து, என்னை அறைந்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார். துண்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து அழுத்தினேன். துண்டு நனைந்துகொண்டே இருந்தது. இவன் செத்துவிடுவான் என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா எப்படி ஆனது என்று கேட்டார்.

"கூரையிலேர்ந்து வழுக்கி வுழுந்துட்டாருங்க," என்றேன்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். "வழுக்கலங்க. என் தம்பி இழுத்துத் தள்ளிட்டான்."

"அந்தத் தம்பி எங்க?"

மோவாயால் என்னைக் காட்டினான். "தோ, துண்ட வச்சி அமுக்கிக்கிட்டு நிக்கிறான் பாருங்க. இவன்தான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கையை எடுத்தால் ரத்தம் பீறிடும். எடுக்காமல் நின்றேன்.