டீச்சர் பெயரில் ஒரு வண்டு

செய்தி வந்தபோது நான் ராஜம் டீச்சர்மேல் கோபமாக இருந்தேன். நான்கு மாதச் சண்டையை நேரில் பேசித் தீர்த்துவிடலாமென்று எர்ணாகுளத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி கூப்பிட்டார். “மாஷே, சேச்சி போயாச்சு. இன்னிக்குக் காலம்பற.” சண்டையை முடித்துவிட்டுப் போகக்கூட மனுஷிக்குப் பொறுமையில்லை.

ஒரே கல்லூரியில் விலங்கியல் துறையில் இருபது வருடம் அவரோடு குப்பை கொட்டிய வாத்தியார் நான். சாணி வண்டு என்றால் டீச்சருக்கு இடம் பொருள் கிடையாது. ஒருமுறை கல்யாணத்துக்கு என் ஸ்கூட்டரில் வந்தவர், கொச்சங்காடியில் சாணியைக் கண்டதும் நிறுத்தச் சொன்னார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குச்சியால் கிளறத் தொடங்கிவிட்டார். “டீச்சர், முகூர்த்தம்!” என்று கத்தினேன். “தாலி கட்ட நீங்க வேண்டாம் மாஷே, செத்தநேரம் மிண்டாம, வாயை மூடிண்டு நில்லுங்கோ.” நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாயசம் தீர்ந்திருந்தது.

சில வருடங்களுக்கு முன் இடுக்கிப் பக்கம் மிளகளவில், கொம்பில்லாத ஆண் வண்டுகள் சில எனக்குக் கிடைத்தன. புது இனம் என்று கட்டுரை எழுதி, டீச்சர் பெயரையே வைத்தேன். சந்தோஷப்பட்டாரா? “கொம்பில்லாததுதான் என் பேருக்குக் கெடச்சுதாக்கும்” என்றார்.

போன வருடம் உடம்பு முடியாமல் வீட்டில் கிடந்தவர், பொழுது போகவில்லையென்று அந்த வண்டுகளைக் கேட்டு வாங்கினார். வெந்நீரில் ஊறவைத்து, வயிற்றைத் திறந்து, ஆண் உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தார். இனத்தை உறுதிசெய்யும் வழி அதுதான். அவசரத்தில் நான் செய்யாமல் விட்டதும் அதுதான். எல்லோருக்கும் தெரிந்த ஒரு கொம்பு வண்டின் உறுப்புக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. “ரெண்டும் ஒண்ணாக்கும் மாஷே. புழுவா இருக்கச்சே நன்னாத் தின்னவனுக்குக் கொம்பு, தீனி பத்தாதவனுக்கு இல்லை. அண்ணன் தம்பியைப் போய்த் தனித்தனி இனம்னு எழுதிட்டேளே!”

இரண்டும் ஒன்றென்றால் பழைய பெயர்தான் நிற்கும், டீச்சர் பெயர் போய்விடும். “ஐம்பது வருஷம் கழிச்சு வேற யாராவது கண்டுபிடிக்கட்டும், விடுங்க” என்று கெஞ்சினேன். “அதுவரைக்கும் என் பேர்ல ஒரு தப்பு உக்காந்திருக்கணுமா? மதி, போறும்!” என்றார். நாங்கள் இருவரும் வெளியிட வேண்டிய திருத்தக் கட்டுரையைத் தானே எழுதி, என் சம்மதம் கேட்டு அனுப்பினார். வீம்பில் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அவர் போனையும் எடுக்கவில்லை. பாவி நான்.

இரங்கல் கூட்டத்தில், நம் துறை நண்பர்களே, உங்களில் சிலர் சொன்னீர்கள்: “இனி எதுக்கு அதை அனுப்பணும்? டீச்சர் பேர் நிக்கட்டும்.” எனக்கும் அந்த ஆசை இருந்தது. வீட்டுக்கு வந்துதான் கட்டுரையைப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், அன்று வண்டுகளைச் சோதித்துப் புது இனமென்று சொன்னது தான்தான், தவறு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருந்தார். அப்பட்டமான பொய்! தன் பெயரில் ஒரு தப்பு இருக்கக் கூடாதென்று என்னைப் படாதபாடு படுத்தியவர், என் மானத்தைக் காக்க என் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்த மனுஷியை என்னதான் செய்வது?

அந்த வரியை அடித்தேன். சோதிக்காமல் எழுதியவன் நான் என்று மாற்றி நேற்று அனுப்பிவிட்டேன். வண்டுக்கு இனி அவர் பெயர் இல்லை. அவர் எழுதி நான் அடித்த அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்து டீச்சர் எழுதிய ஒரே தப்பு அது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன் என்று அவரிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே.