கீறல் படாத டிரைவரின் புதுக்கார்

உங்களுக்கு வேறு சோலியே கிடையாதா? ஒரு வீட்டில் புதுக்கார் வாங்கினால் என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டுவிட்டு, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே. எவ்வளவு இன்சூரன்ஸ் போட்டீர்கள், யார் முடிவு பண்ணியது என்று குடைந்து குடைந்து கேட்டால் என்ன அர்த்தம்? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். வெளியூர்க்காரர் என்பதால் சொல்கிறேன், எங்கள் தெருவில் மூச்சு விடக் கூடாது.

என் மகன் பல வருடம் வள்ளியூரில் ஒரு அண்ணாச்சியிடம் டிரைவராக இருந்தான். அத்தனை வருடத்தில் அவன் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவன் சொல்வான். சாப்பிடும்போது சொல்வான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு இதைத்தான் சொன்னான். வேறு நல்ல குணம் எதுவும் அவர்கள் விசாரிக்கவில்லை, பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பேரை நம்பித்தான் இப்போது அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு வந்து, வாடகைக்கு ஓட்டச் சொந்தமாக ஒரு கார் வாங்கினான். பேர் போனால் சவாரி போகும். சவாரி போனால் மறுபடியும் அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

ஷோரூமுக்கு அவனும் மருமகளும் நானும் போனோம். அங்கே ஒரு பெண் இன்சூரன்ஸ் பற்றி விளக்கியது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். சட்டத்துக்காகப் போட்டே ஆக வேண்டியது ஒன்று உண்டு. நம் கார் அடுத்தவரை இடித்தால் அது அடுத்தவருக்குக் கொடுக்கும், நமக்குக் கையை விரித்துவிடும். நம் காருக்கும் வேண்டும் என்றால் முழு இன்சூரன்ஸ். அதற்கு மேலே தொட்டுக்கொள்ள நிறைய வைத்திருக்கிறார்கள். இன்ஜினில் தண்ணீர் புகுந்தால் ஒன்று, சாவி தொலைந்தால் ஒன்று, பம்பர் மாதிரி பிளாஸ்டிக் சாமான் உடைந்தால் பாதியைப் பிடிக்காமல் முழுதாகத் தருவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

"சட்டத்துக்கு உள்ளது மட்டும் போதும்மா" என்றான் மகன்.

"அண்ணா, நீங்க இடிக்கலைன்னாலும் எதுத்தாப்ல வாறவன் இடிப்பாம்லா?"

"வந்தா நான் ஒதுங்கிருவேன்."

"மரம் விழுந்தா?"

"மரத்தடியில நிப்பாட்ட மாட்டேன்."

அந்தப் பெண் மருமகளைப் பார்த்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். முழு இன்சூரன்ஸ் போடு என்று அவள் சொன்னால், 'உன் ஓட்டு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று சொன்னதாக ஆகிவிடும். அப்புறம் வீட்டில் அவள் சுவரோடுதான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். எப்படிச் சொன்னாலும் அவன் டிரைவிங்கைத் தொடாமல் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு குறுக்குத்துறைப் பக்கம். ஆற்றுக்கு ரொம்ப வேண்டப்பட்ட தெரு. வெள்ளம் வந்தால் எங்களைப் பார்க்காமல் போகாது.

"ஏலே, ராத்திரி காரை எங்கன விடுவே?" என்று கேட்டேன்.

"நம்ம தெருவுலதான். வேற எங்கன விட?"

"ஆத்துக்குள்ள கோயில்ல இருக்காருல்லா முருகன், வெள்ளம் வருதுன்னா அவரு என்ன செய்யுதாரு?"

"அவரைத் தூக்கிட்டுப் போயி மேலக்கோயில்ல வச்சிருவாவ."

"வேலும் மயிலும் உள்ளவரே வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறாரு. நீ ஸ்டீயரிங்கை வச்சுக்கிட்டு ஆத்தை ஒதுங்கிப் போகச் சொல்லப் போறியாக்கும்?"

அவன் என்னை எதிர்த்துப் பேசலாம், முருகனை எதிர்த்துப் பேச முடியுமா? அந்தப் பெண்ணும் லேசுப்பட்டது இல்லை. "தண்ணிக்கு உள்ளது தனியா கிடைக்காதுண்ணா. முழு இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் அதைச் சேக்க முடியும்" என்றது. சேர்த்துவிட்டோம்.

சாவிக்கு உள்ளது வேண்டாம் என்று நான் சொன்னேன். சாவி என் இடுப்பில் இருந்தால் எங்கே தொலையப் போகிறது? பம்பருக்கு உள்ளது வேண்டாம் என்று அவன் சொன்னான்.

"பம்பரைக் கொண்டுபோய் முட்டுத அளவுக்கு நான் என்ன கேணையனா?"

அதையாவது அவன் இஷ்டத்துக்கு விடுவோம் என்று விட்டேன்.

வண்டி வந்த அன்று நேரே நாங்குநேரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சாமி கோயிலுக்குப் போனோம். பூசாரி கண்ணாடியில் பட்டை பட்டையாகச் சந்தனம் பூசினார். பாதி ரோட்டை மறைக்கிற மாதிரி மாலை போட்டார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கடைசியாக ஒரு பெரிய தடியங்காயில், அதான் வெள்ளைப் பூசணியில், சூடம் ஏற்றி, காரைச் சுற்றிக் காட்டி, முன்னால் போட்டு உடைத்தார். விபத்து எதுவும் அண்டக் கூடாது என்று சத்தமாக வேண்டிக்கொண்டார்.

"வண்டியை எடுங்க தம்பி."

எடுத்தான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அடுத்து தடியங்காய்ச் சதை. கழுவிவிட்ட சிமெண்டுத் தரை வேறு. கார் பைய வழுக்கிக்கொண்டு போய், உண்டியலைச் சுற்றிக் கட்டியிருந்த திண்டில் முட்டியது. படார் என்றுகூடச் சத்தம் வரவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரிதான் இருந்தது. பம்பர்.

பூசாரி ஓடிப்போய் உண்டியலைத்தான் முதலில் பார்த்தார். சாமிக்கு ஒரு சேதமும் இல்லை. சட்டத்துக்கு உள்ளது மட்டும் போட்டிருந்தால், உண்டியல் உடைந்திருந்தால் உண்டியலுக்குக் கிடைத்திருக்கும். எங்களுக்குத் திருநீறு கிடைத்திருக்கும்.

மருமகள் அந்த ஷோரூம் பெண்ணுக்குப் போன் போட்டாள். பம்பருக்குப் பாதி வரும், மீதி நாம் போட வேண்டும் என்று அது சொன்னது. மருமகள் அதை அப்படியே அவனிடம் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மனதுக்குள் எவ்வளவு கூட்டினாள் என்பது எனக்குத் தெரியும்.

அவன் முகம் செத்துப்போய்விட்டது. வரும் வழியெல்லாம் சைக்கிள்காரன்கூட எங்களை முந்திக்கொண்டு போனான்.

"எம்மா, இருட்டுனப்புறம் தெருவுக்குள்ள போவமா?"

"புதுக்காரை இருட்டுல கொண்டுபோனா திருட்டுக்கார்னு நினைப்பாவ. போலே."

"பாத்தா சிரிப்பாவம்மா. இனி எவன் என்னைச் சவாரிக்குக் கூப்பிடுவான்?"

அவன் குரல் உடைந்ததைக் கேட்டதும் எனக்குக் கேலி வரவில்லை.

தெருவில் ஆரத்தித் தட்டோடு எல்லாரும் நின்றார்கள். யாரும் மாலையைப் பார்க்கவில்லை. நேரே பம்பரைத்தான் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டே கேட்டாள்.

"என்ன ஆச்சி, வாங்கின அன்னைக்கே இப்படி? யாரு இடிச்சா?"

மகன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நான் முதலில் இறங்கினேன்.

"நாந்தாம் இடிச்சேன்" என்றேன்.

"நீங்களா!"

"ஆமா. கோயில்ல ஆளு அரவம் இல்ல, நாமளும் ஒரு சுத்து ஓட்டிப் பாப்பமேன்னு ஆசையா இருந்துச்சு. இவன் வேண்டாம் வேண்டாம்னு எவ்வளவோ சொன்னான். நான் கேட்டாத்தானே? பிரேக்கு எந்தக் காலுக்குன்னே தெரியல. பக்கத்துல இருந்து இவன் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு ஒடிக்கலைன்னா உண்டியலு, பூசாரி எல்லாம் போயிருக்கும்."

"லைசென்ஸ் இல்லாம ஓட்டலாமா ஆச்சி?"

"ரோட்டுல ஓட்டத் தாலேன்னுதான் கேட்டேன். தரமாட்டேன்னுட்டான். பெத்த தாயின்னுகூடப் பாக்கல, அம்புட்டுக் கண்டிப்பு."