மகளின் கூலிங் கிளாஸ்

கைப்பேசி இப்போதெல்லாம் பழைய படங்களைத் தானாகவே எடுத்துக் காட்டுகிறது. யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. காலையில் பல் விளக்கிக்கொண்டிருப்பேன், ‘இதே நாளில்’ என்று ஒரு படம் வந்து நிற்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிவப்பு ஃப்ரேம் போட்ட கூலிங் கிளாஸில், மூன்று வயதில் என் மகள். வாயைக் கொப்பளித்துவிட்டு கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பேன். அழிக்க மனம் வரவில்லை. பார்க்கவும் தெம்பில்லை.

அந்தக் கண்ணாடியை வீரபாண்டித் திருவிழாவில் வாங்கினோம். சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவள் என் தோளில் முகத்தைப் புதைத்தவள்தான், ராட்டினத்தைக் காட்டினாலும் நிமிரவில்லை. பலூன் வேண்டாம், ஊதி வேண்டாம். ஒரு கடையில் என் மனைவி விளையாட்டாக அதை எடுத்து மாட்டிவிட்டாள். அப்புறம்தான் தலையைத் தூக்கி நாலாபக்கமும் பார்த்தாள், சிரித்தாள், இறக்கிவிடச் சொல்லி நடந்தாள். “மேடம் இப்பத்தேன் வெளிய வந்திருக்காக!” என்று நான் சொன்னதற்கு, கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். இன்றைக்கு இதை எழுதிப் பார்த்தால் எந்த முட்டாளுக்கும் புரியும். அன்றைக்கு எனக்கு மண்டையில் உறைக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கண்ணாடி இல்லாமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. தூங்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும். ஒருமுறை கம்பத்திலிருந்து வரும் வழியில் பஸ் சீட்டுக்கு அடியில் விழுந்துவிட்டது. எடுத்துக் கொடுக்கும்வரை இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தெருவில் ஒருவர் கலெக்டரம்மா என்பார், இன்னொருவர் எம்.எல்.ஏ. வர்றாக, வழிவிடுங்க என்பார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. தினம் ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்.

எங்களுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். கொடி படர்ந்த பந்தலுக்குக் கீழே உச்சி வெயிலிலும் மங்கலாக, குளுகுளுவென்று இருக்கும். அங்கே வந்ததும் அவளே கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிடுவாள். மணிக்கணக்கில் விளையாடுவாள். ரோட்டுக்குக் கிளம்பும்போது, “குடுப்பா” என்று கை நீட்டுவாள். “ரோட்டுல நாலு பேரு பாத்தாத்தேன் எங்க பிள்ளைக்கு ஸ்டைலு” என்று குலை வெட்ட வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இத்தனைக்கும் இலையின் அடியில் கடுகளவு புள்ளி விழுந்தால் அன்றைக்கே மருந்தடிக்கிறவன் நான். ராயப்பன்பட்டியிலிருந்து கூட இலையைப் பறித்து எடுத்துக்கொண்டு என்னிடம் கேட்க வருவார்கள். எனக்கு நோய் பார்க்கத் தெரியும் என்று பேர்.

அவளுக்குப் பெரிய கண்கள். பார்ப்பவர்கள் எல்லாம் அதைத்தான் சொல்வார்கள். “என்னா கண்ணு ஆத்தி! மொகத்துல பாதி கண்ணுதேன்” என்பார் என் அண்ணன் மனைவி. எங்களுக்குப் பயமெல்லாம் திருஷ்டி பட்டுவிடுமே என்றுதான். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்தோம். வெள்ளிக்கிழமை தவறாமல் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். கண்ணில் அடிக்கடி நீர் வடிந்தது. மருந்தடிக்கிற தோட்டம், புழுதி, ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு செய்து மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன்.

பள்ளியில் சேர்க்கப் போட்டோ தேவைப்பட்டது. உத்தமபாளையத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். பிடுங்கினேன். லைட்டைப் போட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினாள். எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள், வெட்கமாகவும் இருந்தது. முதுகில் ஒன்று வைத்தேன். அந்த அதிர்ச்சியில் அவள் கண்ணைத் திறந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்கள்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பையன் என்னைக் கூப்பிட்டான்.

“அண்ணே, கண்ணு நடுவுல என்னமோ பொகையாட்டம் தெரியுது. லைட்டு அடிச்சிருக்கும்னு நெனக்கிறேன். எடுத்துரவா?”

“எடுத்துருங்க தம்பி. கண்ணுதேன் பளிச்சின்னு தெரியணும்.”

இரண்டு நிமிட வேலை. அவன் மவுஸைப் பிடித்து அப்படியும் இப்படியும் தேய்த்தான். கண் துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. நான் பக்கத்தில் நின்று, அந்த ஓரத்திலும் கொஞ்சம் எடுங்க என்று கை காட்டினேன்.

பள்ளி திறந்து இரண்டு மாதம் இருக்கும். அவளுடைய மிஸ் என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகளை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடக்கச் சொல்லி விளையாட்டுக் காட்டியிருக்கிறார். இடது கண்ணைப் பொத்தினால் இவள் நடந்தாள். வலது கண்ணைப் பொத்தியதும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாள். “ஏன் நிக்கிறேன்னு கேட்டா, லைட்டை அமத்திட்டீங்க மிஸ்ங்குறா. சீக்கிரமாக் கூட்டிட்டுப் போங்க” என்றிருக்கிறார்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து, மயக்க மருந்து, ஒவ்வொரு சோதனையாக முடிந்து, மாலையில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் கூடிவிட்டது. பிறந்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருக்கும். கைக்குழந்தையின் கண் இளசாக இருப்பதால், அழுத்தம் தாங்காமல் விரிந்து பெரிதாகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நீர் வடியும், விழி புகை மூட்டமாகும், வெளிச்சம் பட்டால் வலிக்கும்.

“வெளிச்சத்தைப் பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிறது எப்ப இருந்து இருக்கு?”

“ஒரு ரெண்டு மாசமா மேடம்” என்றேன். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் பொய் சொன்னேன் என்றால், உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை, அவ்வளவுதான்.

“பழைய போட்டோ ஏதாவது இருக்கா?”

கைப்பேசியைக் கொடுத்தேன். அவர் விரலால் தள்ளித் தள்ளிப் பின்னால் போனார். ஆற்றங்கரையில் கண்ணாடி. கல்யாண வீட்டில் கண்ணாடி. மேகம் கருத்த நாளில் கண்ணாடி. ஒவ்வொரு படத்திலும் தேதி இருந்தது. ஒன்றே கால் வருடம் பின்னால் போனார். நடுவில் ஒரே ஒரு படம் கண்ணாடி இல்லாமல் வந்தது, ஸ்டூடியோப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதை மட்டும் பெரிதாக்கினார்.

“இதுல ரெண்டு கண்ணும் தெளிவா இருக்கே. மூணு மாசத்துக்கு முன்னால எடுத்ததா?”

“அது அழிச்சது மேடம்” என்றேன். “பொகை மாதிரி இருந்துச்சு. நாந்தேன் அழிக்கச் சொன்னேன்.”

கைப்பேசியை மேசையில் வைத்து, மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் நடந்தது. இடது கண்ணில் பார்வை போனது போனதுதான், வராது என்று சொல்லிவிட்டார்கள். வலது கண்ணைப் பாதிக்கு மேல் காப்பாற்றித் தந்தார்கள். காலம் முழுக்கச் சொட்டு மருந்து போட வேண்டும். மறு வருடம் என் மனைவி வீரபாண்டி ஆத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் வாங்கி வைத்தாள். நான் உள்ளே போகவில்லை. ராட்டினத்துப் பக்கம் தூண் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி கட்டாயம் என்பது டாக்டர் உத்தரவு. மதுரையில் நல்லதாக வாங்கி வந்தோம். அதை அவள் போட மாட்டாள். பழைய சிவப்புக் கண்ணாடியையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். வெறும் கண்ணோடு வெயிலில் இறங்கி, நீர் ஒழுக ஒழுக நடப்பாள். கெஞ்சிப் பார்த்தோம், மிரட்டிப் பார்த்தோம். பிடிவாதம் என்றுதான் மறுபடியும் நினைத்தேன். திருந்தாத ஜென்மம் நான்.

போன மாதம் வாய்க்கால் கரையில் இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. கண்ணாடியை எடுத்து நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஏன் ஆத்தா போட மாட்டேங்குற?”

“அதப் போட்டுப் போட்டுத்தானப்பா அந்தக் கண்ணு போச்சு. இருக்குற கண்ணாச்சும் இருக்கட்டும்.”

“யாரு சொன்னா அப்படி?”

“நீதேன் சொன்ன. சின்னதுல. எந்நேரமும் போட்டா கண்ணு அவிஞ்சு போகும்னு.”

எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். நான் சொல்லக்கூடியதுதான். நாலு வயதிலிருந்து இந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது.

நின்றேன். “கண்ணாடி ஒண்ணும் பண்ணல ஆத்தா. அது நோவு. வெளிச்சம் பட்டா ஒனக்கு வலிச்சிருக்கு, வலி தாங்காமத்தேன் கண்ணாடி கேட்ருக்க. நீ சரியாத்தேன் கேட்ருக்க. அப்பாவுக்குத்தேன் தெரியல.”

அவள் எதிரே வெயிலைப் பார்த்தாள்.

“அப்ப நா தப்புப் பண்ணலயாப்பா?”

குரல் வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவளுடைய இடது பக்கம், பார்வை இல்லாத பக்கம் நின்று ஆட்டினேன்.

அவள் மறுபடியும் கேட்டாள்.