ஆம்பூர் என்றொரு ஜிக்

அயர்லாந்தின் இந்தச் சிற்றூரில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதி ஜனம் நேரே மதுக்கடைக்குப் போகிறது. பப் என்பார்கள். என்னோடு வேலை செய்யும் நர்ஸ் முதல்முறை என்னை அங்கே இழுத்துப் போனபோது, ஆம்பூர்க்காரர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று வாசலில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பைத்தியக்காரி! உள்ளே மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஃபிடில் என்றால் நம் வயலின்தான். மேடை இல்லை, மைக் இல்லை, யார் முன்னாலும் நோட்டுப் புத்தகம் இல்லை. பாதிப் பேர் குடித்தது டீ.

ஆம்பூரில் நானும் டேவிட் அண்ணனும் சபைப் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர்கள். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசரான அண்ணன் ஷிஃப்ட் முடிந்து தோல் வாடையோடேதான் பயிற்சிக்கு வருவான். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி, கடைசியில் இழுத்து ஒரு ஆமென். எங்கள் கைக்குத் தெரிந்த வழி அதுதான்.

பப்பில் ஒரு ஜிக் என்னைப் பிடித்துக்கொண்டது. ஜிக் என்பது துள்ளி ஆடுவதற்கான மெட்டு. இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஓய்வுபெற்ற தபால்காரர் மார்ட்டின்தான் எப்போதும் அதை ஆரம்பிப்பார். யாரையும் கேட்காமல் கைப்பைக்குள் போனை வைத்துப் பதிவு செய்தேன். ஒரு மாதம் வீட்டில் சாதகம். அடுத்த முறை பப்பில், நீயும் வாசி என்றார்கள், வாசித்தேன். இரண்டாம் பகுதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை கேட்டால்தானே! முதல் வரிக்குத் திரும்பிப் போய், ஆமெனுக்கு இழுப்பதுபோல் இழுத்து முடித்தது.

மார்ட்டின் வில்லைக் கீழே வைத்தார். "இதை யார்கிட்டேருந்து எடுத்தே?"

பதிவு செய்த திருட்டு பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். சாரி என்று முனகி, வயலினைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். அண்ணனுக்குப் போன் செய்தால் ஆறுதலா கிடைக்கும்?

"கேக்காம எடுத்தா திருட்டுதானே? அதையும் கெடுத்து வெச்சிருக்க. போய் உண்மைய சொல்லு, பேஜார் பண்ணாத."

டியூட்டியும் வீடும் தவிர இந்த நாட்டில் எனக்கென்று இருந்தது பப்பில் அந்த ஒரு நாற்காலி. அதுவும் போய்விடுமோ என்று வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மார்ட்டினிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மனுஷன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய அப்பா மட்டும் கேட்டா எடுத்தாராம்? அழைக்காத நடனத்துக்குப் போய், மழையில் ஒரு கொட்டகைக்கு வெளியே நின்று கேட்டாராம். சைக்கிளில் விசிலடித்துக்கொண்டே வந்ததில் இரண்டாம் பகுதி பாதி மறந்துபோக, மீதியைத் தானே இட்டுக்கட்டினாராம். முதலில் யார் போட்ட மெட்டோ, யாருக்கும் தெரியாது. அதனால்தான் யாரிடமிருந்து வந்தது என்று கேட்பது இங்கே வழக்கம். அந்தப் பெயரைச் சொல்வதுதான் மரியாதை.

"நீ பேரைச் சொல்லாம ஓடிட்ட."

"உங்ககிட்டேருந்துதான்" என்றேன். அப்பாடா! ஒரு வாரத்து மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

திரும்பிப் போய் முடித்தாயே, அதை மறுபடி வாசி என்றார். வாசித்தேன். இரண்டாம் தடவை அவரும் சேர்ந்துகொண்டார். பெயரில்லாத மெட்டு அது. உன் ஊர் எது என்று கேட்டவர், அன்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார். இப்போதெல்லாம் யாராவது "ஆம்பூர்" என்றால் போதும், ஏழெட்டு வில்லும் ஒன்றாக எழும்பும்.

அதைப் பதிவு செய்து, இந்த முறை எல்லோரிடமும் அனுமதி கேட்டுத்தான், அண்ணனுக்கு அனுப்பினேன். பாடகர் குழுவே கற்றுக்கொண்டுவிட்டதாம். அங்கே அதை என்ன பெயர் சொல்லி ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அயர்லாந்துன்னுதான்" என்றான் அண்ணன். "வேற இன்னான்னு சொல்றது?"