துண்டு போட்ட சீட்டு

போன வாரம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் துண்டு ஒரு பஸ்ஸின் கண்ணாடியில் போய்த் தப்பென்று மோதி, வாழைப்பழத் தோலுக்குப் பக்கத்தில் விழுந்தது. சிரிக்காதீர்கள். அங்கே நின்றிருந்த காலேஜ் பெண்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டார்கள். அதில் ஒருத்தி குனிந்து எடுத்து, இரண்டு விரலால் பிடித்தபடி, "தாத்தா, உங்க டவல் பறந்து போச்சு" என்று கொடுத்தாள். பறக்கவில்லை அம்மா, நான்தான் எறிந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் எறிந்தீர்கள் என்று கேட்பாளே! நான் பாட்டுக்கு வாங்கிக்கொண்டேன்.

தப்பு என் மேல் இல்லை. லால்குடி போகிற புது பஸ் அது. குளுகுளு வசதி, முழுக்கக் கண்ணாடி, ஜன்னல் திறக்கவே திறக்காது. இது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பஸ் வளைந்து உள்ளே நுழைந்ததும் கை தானாகத் தோளுக்குப் போனது, துண்டு தானாகக் கிளம்பிவிட்டது. ரிடையர் ஆனது நான்தான், கை இன்னும் சர்வீஸில் இருக்கிறது போலிருக்கிறது.

அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆபீஸ் விடுகிற நேரத்தில் சத்திரத்தில் பஸ் பிடிப்பதென்றால் சும்மா இல்லை. பஸ் நிற்பதற்கு முன்பே கூடவே ஓட வேண்டும். ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டை எறிய வேண்டும். துண்டு விழுந்த சீட்டு நம்முடையது. அதன் பிறகு ராஜா மாதிரி மெதுவாகப் படியேறிப் போகலாம். துண்டை எடுத்துப் போட்டுவிட்டு உட்கார எவனுக்கும் மனசு வராது. பக்கத்தில் நிற்பவர் "ஆள் வருதா?" என்று கேட்பார். "வருது" என்றால் அதோடு சரி. போலீஸ், கோர்ட் எதுவும் அந்தத் துண்டுக்குச் சமமில்லை.

துண்டு இல்லாதவர்கள் குடை போடுவார்கள், கர்ச்சீப் போடுவார்கள். கர்ச்சீப்புக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. ஒருநாள் அவசரத்தில் நான் சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டேன். உள்ளே டப்பாவில் மத்தியானம் மிச்சம் வைத்த மோர்க்குழம்பு. மூடி சரியாக மூடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டையில், தலை படிய வாரி, ஒருவர் உட்கார்ந்திருந்தார். லால்குடிக்குப் பெண் பார்க்கப் போகிறாராம்! அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அழுதுவிடுவார் போல இருந்தது.

கூட வந்த தங்கவேல்தான் காப்பாற்றினான். லால்குடியில் இறங்கியதும் அவரை நேரே தன் வீட்டுக்கு அழைத்துப் போய், தீபாவளிக்கு எடுத்து ஒருதரம்கூடப் போடாத சட்டையைக் கொடுத்து அனுப்பினான். அந்தப் பெண்ணே நிச்சயமாகி, கல்யாணப் பத்திரிகையும் வந்தது. "சாமி, உங்க மோர்க்குழம்பு ராசிதான். ஆனா சட்டை திரும்பி வரலியே" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

தங்கவேலைச் சொல்லாமல் விட்டேனே. ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை. லால்குடியில் வயலும் வீடும் உண்டு. சின்ன வயசில் வரப்பில் விழுந்ததில் முழங்கால் பிசகி, ஓட முடியாது, ரொம்ப நேரம் நிற்கவும் முடியாது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஓடிப்போய்த் துண்டு போடுவது நான், வேர்க்கடலையும் மாலைப் பேப்பரும் வாங்கி வருவது அவன். என்னைப் பெரிய பரோபகாரி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வறுத்த கடலையின் வாசனைக்கு நான் சமயபுரம் வரைக்கும்கூட ஓடியிருப்பேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வீடு ஸ்ரீரங்கத்தில். ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் நேரே வீடு. நானோ லால்குடி பஸ்ஸில் ஏறி, திருவானைக்கோயிலில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் போவேன். "இந்த ஊர்ல ஒரு பஸ்ல போற தூரத்துக்கு ரெண்டு பஸ் மாறி வர ஒரே மனுஷர் நீங்கதான்னா" என்பாள் கோமளா, என் மனைவி. கண்டக்டருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. "இங்கிருக்கிற திருவானைக்கோயிலுக்கு ஜன்னல் சீட்டு கேக்குதா சாமி?" என்பார். தங்கவேல் சும்மா இருப்பானா? "அவரு எறங்கினதும் நான் கால நீட்டிக்குவேன்ல, அதுக்குத்தாங்க" என்பான்.

பேப்பரை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். எனக்கு அரசியல், அவனுக்கு மற்றதெல்லாம். அவன் மனசுக்குள் படிக்கிற ஜாதி இல்லை. பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்து, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பும் சொல்லுவான். மந்திரிக்கும் வசவு விழும், மழைக்கும் விழும். பின் சீட்டிலிருந்து எதிர்வாதம் வரும். காவேரிப் பாலம் வந்ததும் வாசிப்பு நின்றுவிடும். பஸ்ஸே ஒரு பக்கமாகத் திரும்பித் தண்ணீர் பார்க்கும். "அணையத் தொறந்துட்டான்யா" என்று தங்கவேல் சொன்னால் அன்றைக்குத் தலைப்புச் செய்தி அதுதான். பேப்பரில் இருந்ததெல்லாம் சும்மா.

இப்போது செய்தி காபிக்கு முன்னாலேயே போனில் வந்துவிடுகிறது. தங்கவேலும் நானும் தினம் விடிந்ததும் ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் ஒன்றை அனுப்பிக்கொள்கிறோம். அவன் அனுப்புவதும் நான் அனுப்புவதும் பெரும்பாலும் ஒரே பூவாக இருக்கும். பயணமும் கோமளாவிடம் போய்விட்டது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன நாளிலிருந்து அவள் வீட்டில் தங்குவதே அபூர்வம். சமயபுரம் போனேன், உறையூர் போனேன் என்று அவள் சொல்ல, நான் குக்கர் விசில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் தங்கவேலிடமிருந்து போன். அவன் மனைவி போன வருஷம் தவறிவிட்டாள். தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் பெங்களூருக்கு அழைத்துப் போகிறானாம். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறார்களாம். "வியாழக்கிழமை பேங்க் வேலையா திருச்சி வர்றேன் சாமி. சாயந்திரம் சத்திரம் வந்துடுங்க. பழையபடி ஒண்ணா போவோம், கடைசியா ஒரு தடவை. துண்டு போட்டு வைங்க" என்றான்.

கிளம்பும்போது கோமளா கேட்டாள்: "ஏன்னா, இந்த வயசுல பஸ் பின்னாடி ஓடப் போறேளா?" ஓடமாட்டேன் என்றேன். ஓடினேன். ஓடி எறிந்த கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

துண்டை உதறிக்கொண்டு, எல்லோரையும் போல வாசல் வழியாக ஏறினேன். நல்லவேளை, இரண்டு பேர் சீட்டு ஒன்று காலியாக இருந்தது. ஜன்னலோரம் நான் உட்கார்ந்து, பக்கத்தில் துண்டை விரித்துப் போட்டேன். கடலையும் பேப்பரும் நானே வாங்கி மடியில் வைத்திருந்தேன். முழங்கால் வலியோடு வருகிறவனை இன்றைக்கும் கடைக்கு அனுப்ப வேண்டாம் என்று.

பஸ் நிரம்ப ஆரம்பித்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்த ஒருவர், "ஆள் வருதா?" என்றார். "வருதுங்க" என்றேன். காதில் ஒயர் மாட்டிய ஒருத்தன் துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பின்னால் போனான். தங்கவேலுக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் வந்து, "ஐயா, ஆளையே காணோம், துண்டுக்கு டிக்கெட் எடுக்கிறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டி நொண்டி வருவானே, இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் என்ன குடிமுழுகிப் போகிறது?

கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறி என் சீட்டருகே வந்து நின்றாள். கேட்கக்கூட இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நகர்ந்தது. அப்போதுதான் போன் வந்தது.

"சாமி! எங்கே இருக்கீங்க?"

"பஸ்லய்யா! உனக்குத் துண்டு போட்டு வச்சிட்டு உக்காந்திருக்கேன்!"

"ஐயையோ! பையன் வாடகைக் கார் வச்சு பேங்குக்குக் கூட்டியாந்தான். முட்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸெல்லாம் வேணாம்னு நேரா உங்க வீட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டான். சொல்லலாம்னா போன் அவன் பைல மாட்டிக்கிச்சு. மாமி காபி குடுத்துட்டாங்க."

போனை வைத்துவிட்டுத் துண்டை மெல்ல எடுத்தேன். "உக்காரும்மா, ஆள் வரல" என்றேன். அந்த வார்த்தையை எந்த பஸ்ஸிலும் அதுவரை நான் சொன்னதே இல்லை. சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, "பரவால்லங்க தாத்தா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். பாலம் வந்தது. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காவேரியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கவேல் சோபாவில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவன் மகன் எதிரே நாற்காலியில். சோபாவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம், ஆனால் தங்கவேல் தன் துண்டை அங்கே நீட்டிப் போட்டிருந்தான்.

கோமளா சிரித்தாள். "என்னைக்கூட உக்கார விடலைன்னா. ஆள் வருதாம்."

"வந்தாச்சுல்ல" என்று துண்டை நகர்த்தினான் தங்கவேல். நான் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவன் பேப்பரை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தான். அவன் மகன், "அப்பா, மெதுவா" என்றான். யார் கேட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டான். அவன் ஏறின ரயிலிலும் ஜன்னல் திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைத்து என்னவோ சொன்னான், ஒன்றும் கேட்கவில்லை. துண்டு போடுகிற பஸ் போயிற்று, பாலத்தில் திரும்பிப் பார்க்கிற கூட்டம் போயிற்று. காலையில் ரோஜாப்பூ மட்டும் தவறாமல் வருகிறது.

அன்றைக்கு அவன் சோபாவில் போட்ட துண்டை மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறான். கோமளா துவைத்துக் கொண்டுவந்தாள். உள்ளே வைக்காதே, இங்கேயே போடு என்று வாங்கி நானே விரித்தேன். அவள் என்னையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆள் வருதாக்கும்?"

"வருது" என்றேன்.

அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.