சீட்டில் எழுதிய இளைப்பு

அட்டுவம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டில், மழை மாதங்களில் சுவர் காய்வதே இல்லை. அப்போதெல்லாம் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும். எங்கள் பக்கத்தில் அதற்கு இளைப்பு என்று பெயர், பேச்சில் எளப்பு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வெள்ளை மாத்திரை. பதினோரு வருடமாக அவள் அதைத் தவறவிட்டதில்லை. நானும் டைரியில் குறிக்கத் தவறியதில்லை.

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஐப்பசியில், மலைக்குக் கீழேயிருந்து ஓர் ஊழியக்காரர் வந்து ஐந்து நாள் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்து வீட்டில் குடியேறியிருந்த பெண்தான் செய்தி கொண்டுவந்தாள்.

"அண்ணே, ஆளைப் பாக்காமலே நோயைச் சொல்றாராம். வாசல்ல சீட்டு மட்டும் எழுதிப் போட்டுட்டு உள்ள போங்க."

முதல் நாள் மாலை நான் மட்டும் போனேன்; குளிர் அதிகமாக இருந்ததால் மனைவி வரவில்லை. கூட்டம் நடந்த இடத்தின் வாசலில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. நான் அலுவலகக் கையெழுத்தில் எழுதிப் போட்டேன்: அட்டுவம்பட்டி. மனைவி. பதினோரு வருடமாக இளைப்பு. முதல் பாட்டின்போது டின்னை எடுத்துக்கொண்டு ஒருவர் பின்னறைக்குப் போனார். நான்காவது பாட்டுக்குப் பிறகே ஊழியக்காரர் மேடைக்கு வந்தார்.

கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னார்: "அட்டுவம்பட்டியிலே ஒரு சகோதரி. பதினோரு வருஷமா இளைச்சு இளைச்சு, எலும்பும் தோலுமா படுக்கையிலே கிடக்கிறதை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார். மகளே, இனி மருந்தைத் தொடாதே."

பதினோரு வருஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். எலும்பும் தோலும் என்பது மட்டும் எங்கோ இடறியது. தரிசனம் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் டைரியில் எழுதினேன். மனைவியிடம் சொல்லும்போது ஊரையும் வருடத்தையும் மருந்தையும் சொன்னேன். எலும்பையும் தோலையும் விட்டுவிட்டேன்.

அவள் அழுதாள். மாத்திரைப் புட்டியை என் கையில் கொடுத்து, "எங்கயாவது வையிங்க, என் கண்ணுல படாம. கடைசி நாள் கூட்டத்துல, சுகமாச்சுன்னு நான் சாட்சி சொல்லணும்" என்றாள்.

மாத்திரையை விட்ட முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் படியேறும்போது நின்று நின்று ஏறினாள். மூன்றாம் நாள் பிற்பகல், மூடுபனி ஜன்னல்வரை வந்துவிட்டிருந்தது. அவள் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசில்போல இழுத்தது. உதடு கறுத்திருந்தது. நான் புட்டியை எடுத்துவந்தேன். தலையை ஆட்டினாள்.

"இது... சோதனைங்க. இப்பப் போட்டா... அவிசுவாசம்."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "என்னண்ணே, அக்காவுக்கு எளப்பு முத்திக் கெடக்கு. வெரசா மாத்திரையைக் குடுங்க."

எளப்பு. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கீழேயிருந்து வந்த மனிதருக்கு இளைப்பு என்றால் உடம்பு இளைப்பது. அவர் என் மனைவியைக் காணவில்லை. என் கையெழுத்தைக் கண்டிருக்கிறார்.

டைரியை எடுத்து அந்தப் பக்கத்தை மனைவிக்கு உரக்கப் படித்தேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. சீட்டில் என்ன எழுதினேன், டின் எங்கே போனது என்பதையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு... நானா? எலும்பும் தோலுமா?"

"அப்படித்தான் சொன்னார்."

"பூம்பாறை பஸ்ல... கண்டக்டரு என் ஒடம்பைப் பாத்து... ரெண்டு டிக்கெட்டும்பான்." சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் மனைவி கையை நீட்டினாள். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, இது உம்ம மேல கோவத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு விழுங்கினாள்.

மூச்சு சீராவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். பேச முடிந்ததும் அவள் முதலில் கேட்டது ஊழியக்காரரைப் பற்றி அல்ல.

"அன்னைக்கே எழுதி வச்சிருக்கீங்க. ஏன் எங்கிட்டச் சொல்லல?"

நல்ல செய்தியாக இருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்றேன்.

"தப்புல அவருக்குப் பாதி, உங்களுக்குப் பாதி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் கடைசிக் கூட்டம். போர்வையைச் சுற்றிக்கொண்டு அவளும் கிளம்பினாள். மாத்திரைப் புட்டி கைப்பையில் இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பெண், மடித்த சீட்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு டின்னருகே நின்றிருந்தாள். என் மனைவி அதை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"சீட்டு இல்லாமப் போவோம், தங்கச்சி" என்றாள். "அவருக்கு என்ன தெரியுதுன்னு பாப்போம்."

மூவரும் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தோம்.