கம்பத்தைக் குளிப்பாட்டியவர்

எங்கள் ஊரில் மூன்று வேளையும் குளித்தது ஒரு இரும்புக் கம்பம் மட்டும்தான். குளிப்பாட்டியது என் அப்பா.

கம்பத்தின் உச்சியில் காற்றின் அழுக்கை அளக்கும் பெட்டி இருந்தது. சிமெண்ட் ஆலை வந்தபோது அரசாங்கம் சட்டம் போட்டது: பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆலையை நிறுத்த வேண்டும். நல்ல சட்டம். பெட்டியைப் பராமரிக்கும் பொறுப்பை ஆலையிடமே கொடுத்தது அதைவிட நல்ல சட்டம். ஆலை ஒரு தண்ணீர் லாரி வாங்கி, அப்பாவை ஓட்டுநராகப் போட்டது. கம்பத்தைச் சுற்றித் தூசி எழாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், "காலையிலேயே தண்ணி அடிக்கிறார்" என்பேன். கம்பத்துக்கு நான் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. அப்படி ஒரு கவனிப்பு. விளக்கு எப்போதும் பச்சை.

மற்ற தெருக்களில் மர இலைகூடச் சாம்பல் நிறம். என் தங்கை படியேறினால் நெஞ்சு விசிலடிக்கும். "நல்ல காத்து இருக்கிற இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். அப்பா அவளை லாரியில் ஏற்றிப் போய்க் கம்பத்தடியில் உட்கார வைத்தார்.

"என்னப்பா, மாப்பிள்ளைக்குத் துணைக்கு ஆள் வச்சிட்டீங்களா?"

"வாய மூடுடா. அவ இருமுறாளா பாரு."

இருமவில்லை.

அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை கைக்குழந்தையோடு வந்தார். பிறகு தெருவே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தது. ஆலை மேலாளர் காரை நிறுத்திப் படம் எடுத்துப் போய்க் காலண்டரில் போட்டார்: 'தூய காற்றில் எங்கள் மக்கள்'. படத்தில் தங்கைக்கு முன்பல் இல்லாத சிரிப்பு. அடுத்து, கூட்டம் சேர்ந்தால் கருவி கெட்டுவிடும் என்று கம்பத்தைச் சுற்றி வேலி போட்டார்கள்.

வீட்டில் மறுபடியும் விசில் சத்தம்.

அப்பா ஒருநாள் லாரியை நேராக எங்கள் தெருவுக்கு ஓட்டி வந்து, சுவர், கூரை, மரம் எல்லாவற்றையும் கழுவினார். தங்கை வாசலில் நின்று கை தட்டினாள். மாப்பிள்ளைக்கு ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. மத்தியானம் சிவப்பு எரிந்தது.

அரசாங்க அதிகாரி வந்தார். ஆலையின் காரில்தான் வந்தார். "கருவியில கோளாறு" என்றார்.

"கருவி சரியாத்தான் இருக்கு சார். நான்தான் தண்ணி அடிக்கல."

"அப்போ கோளாறு நீதான்யா."

கம்பத்தைப் பிடுங்கி, மலைமேல் இருக்கும் ஆலையின் விருந்தினர் மாளிகைத் தோட்டத்தில் நட்டார்கள். அங்கே லாரி தேவையில்லை. அப்பாவும் தேவையில்லை. எங்கள் ஊர்க் காற்று இன்றைக்கும் பச்சை என்றுதான் செய்தியில் சொல்கிறார்கள்.

இப்போது அப்பா வாளியும் குவளையுமாகத் தெருவில் தண்ணீர் தெளிக்கிறார். குனிந்து நிமிர்வதற்குள் காய்ந்துவிடுகிறது. "என்னப்பா, லாரி இளைச்சுப் போச்சா?" என்று கேட்க வாய் வரை வந்தது.

உள்ளே தங்கை இருமினாள்.

நான் இன்னொரு வாளியை நிரப்பப் போனேன்.